மூன்றாவது பேட்டரியும் படுத்தது

அத்தியாயம் 9

செத்துவிட்டது என்று நான்கு மாதங்களுக்கு முன் பத்துப் பேர் முன்னிலையில் அறிவரசன் தீர்ப்புச் சொன்ன பேட்டரி, அரியலூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு கம்மங்கூழ் வண்டியின் அடியில் உட்கார்ந்துகொண்டு ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“கம்மங்கூழ், கேப்பங்கூழ், மோர் மொளகா, மாங்கா...” என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நிறுத்தாமல் பாடியது. குரலில் நடுக்கமே இல்லை. போதாததற்கு வண்டியின் கூரையில் ஒரு சின்ன மின்விசிறி வேறு ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“பொணம் நல்லாத்தான் பேசுது அண்ணே,” என்றாள் கலையரசி.

அறிவரசனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. வண்டிக்காரர் சவரியார் கூழை ஆற்றிக்கொண்டே விவரம் சொன்னார். பழைய பேட்டரிக் கடையில் வாங்கியதாம். வீட்டில் வாரம் ஒரு தரம் சார்ஜ் போடுவதோடு சரி, இதுவரை ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லையாம். இதைச் சொல்லிவிட்டு, எந்தப் புத்திசாலி இதைத் தூக்கிப் போட்டானோ என்று வாயாரச் சிரித்தார். கலையரசி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையில் போகும் லாரிகளை எண்ண ஆரம்பித்தாள்.

அந்தப் புத்திசாலிக்குப் பெரம்பலூர் துறையூர் சாலையில் கடை. வண்டிகளுக்கு வயரிங் செய்பவன். வயது நாற்பத்திரண்டு. எரிந்த லாரி ஏன் எரிந்தது, நின்ற பஸ் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க இன்சூரன்ஸ்காரர்கள்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் வாட்ஸப் குழுவில் எவரோ ‘வயர் துப்பறிவாளர்’ என்று எழுதப்போக, அதையே பெயர்ப் பலகையில் எழுதிவைத்துக்கொண்ட ஆள். கலையரசி அந்தக் கடையில் பன்னிரண்டு வருடமாக டைனமோவுக்குக் காயில் சுற்றுகிறாள். அவன் முகத்துக்கு நேரே கிண்டல் பண்ண இந்த இரண்டு மாவட்டத்திலும் அவள் ஒருத்திக்குத்தான் துணிச்சல் உண்டு.

சவரியாரிடம் கேட்டுக்கொண்டு அறிவரசன் பேட்டரியை மெல்லத் திருப்பினான். முன்பக்கம் மஞ்சளாக ஏதோ கறை, பாதி அழிந்துபோயிருந்தது. பின்பக்கம் வெள்ளி நிற மார்க்கரில் ‘அ.அ.’ என்றும் போன அக்டோபர் தேதியும் எழுதியிருந்தது. அவனுடைய கையெழுத்தேதான்.

“அண்ணே, இது நீங்க வேன்ல மாட்டுன அதே பேட்டரிதான். இத யாரும் மாத்தல,” என்றாள் கலையரசி. இந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை.

நடந்தது இதுதான். வரதராசன்பேட்டை லியோ பிரபுவும் அவன் மனைவி நான்சியும் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, கட்டில், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் வைத்துத் தங்கும் வேனாக மாற்றினார்கள். அரியலூர்ப் பக்கத்து மண்ணில் கல்லாகிப்போன கடல் சிப்பிகளைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை அதில்தான் அழைத்துப் போவாள் நான்சி. வயரிங் முழுவதும் அறிவரசன். டிரைவர், செந்துறைப் பக்கத்து இளையபெருமாள். ஐம்பது வயது, அதிர்ந்து பேசாத மனுஷர்.

மார்ச்சில் பிரிட்ஜ் அடிக்கடி அணைய ஆரம்பித்தது. விளக்குகள் மங்கின. வேன் பெரம்பலூருக்கு வந்தது. பிரிட்ஜ் வயரில் மீட்டரை வைத்தான் அறிவரசன். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் எட்டரை காட்டியது. கட்டிலைத் தூக்கிப் பேட்டரியைப் பார்த்தான். அவன் வழக்கமாக முன்பக்கம் எழுதும் எழுத்தைக் காணோம். அவ்வளவுதான். இது நான் போட்ட பேட்டரி இல்லை, நல்லதை உருவிக்கொண்டு கிழட்டுப் பேட்டரியை வைத்துவிட்டார்கள் என்று கடை வாசலில் நின்று உரக்கச் சொன்னான். வேன் சாவி யாரிடம் என்று கேட்டான். எல்லோரும் இளையபெருமாளைப் பார்த்தார்கள்.

அவர் தலைகுனிந்தபடி, நான்தான் எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டார். போலீசுக்குப் போகவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதோடு அவருக்கு ‘பேட்டரி திருடன்’ என்ற பெயர் செந்துறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அவரை நம்பி ஒரு வண்டியும் கொடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பேட்டரியைப் பழைய பேட்டரிக் கடையில் போட்டுவிட்டு, கோடை முடிந்து வேனை மறுபடி எடுத்தால், புதுப் பேட்டரியும் பத்தே நாளில் படுத்தது. லியோ பிரபு இன்னொன்று மாட்டினான். அதுவும் பத்து நாள்தான். இந்த முறை சாவி நான்சியைத் தவிர யார் கையிலும் இல்லை. படுத்த இரண்டாவது பேட்டரியைக் கலையரசி கடையில் வைத்துச் சோதித்துப் பார்த்தாள். கல்லு மாதிரி நல்ல நிலையில் இருந்தது. அப்படியானால் அந்த முதல் பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று அவள்தான் ஆரம்பித்தாள். பழைய பேட்டரிக் கடையைப் பிடித்து, அங்கிருந்து சவரியாரைப் பிடித்து, இதோ கூழ் வண்டி வரைக்கும் வந்தாயிற்று.

“அவரே ஒத்துக்கிட்டாரே கலை,” என்றான் அறிவரசன். ஒதுங்கி நிற்க அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே நிழல் அதுதான். “எடுக்காதவரு ஏன் எடுத்தேன்னு சொல்லணும்?”

“நீங்க அன்னைக்குக் கேட்ட தோரணைக்கு, நான் சாவி வச்சிருந்தா நானும் ஒத்துக்கிட்டிருப்பேன். வண்டிய எடுங்க.”

அவன் வண்டியைச் செந்துறைக்கு விட்டான். சாலை நெடுக சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்து கண்ணாடியில் மாவைத் தூவிவிட்டுப் போயின. ஒரு மனுஷனின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்ற நினைப்பு அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கி வைக்க ஒரே வழி, வேனில் உண்மையான குற்றவாளியைப் பிடிப்பதுதான் என்று தோன்றியது. அந்தக் குற்றவாளி வேறு யாராவதாக இருந்துவிட்டால் தேவலை என்றும் ஒரு அற்ப ஆசை ஓரமாக எட்டிப் பார்த்தது.

வேன் செந்துறை கடைவீதி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. நான்சி பிரிட்ஜிலிருந்த பாலைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தாள். திரிந்துபோயிருந்தது.

“அண்ணா, இது மூணாவது. இனிமே யார சந்தேகப்படுறது? மாதாவையா?” என்று டாஷ்போர்டில் ஒட்டியிருந்த அடைக்கல மாதா படத்தைக் காட்டினாள்.

அறிவரசன் கட்டில் பலகையைத் தூக்கினான். மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்து, பிரிட்ஜைப் போடச் சொன்னான். பன்னிரண்டு புள்ளி நான்கு. பேட்டரி நலம். பிறகு பிரிட்ஜின் வயரில் வைத்தான். எட்டரை. பேட்டரியில் புறப்படுவது பன்னிரண்டு சொச்சம், பிரிட்ஜுக்கு வந்து சேருவது எட்டரை. நடுவழியில் நான்கு வோல்ட் காணாமல் போகிறது.

மார்ச்சில் அவன் பேட்டரியைக் கண்ணால்தான் பார்த்தான், மீட்டரால் பார்க்கவில்லை. நேற்றுத் தொழிலுக்கு வந்த பயல்கூடச் செய்யாத தப்பு.

“சரி, சாட்சிய விசாரிங்க,” என்றாள் கலையரசி.

மின்சாரம் போவது சிவப்பு வயர் வழியாக. திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. ஆக, சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டே பேர். முதலில் சிவப்பு வயரின் இரண்டு நுனிகளுக்கும் இடையே மீட்டரை வைத்தான். ஏறக்குறைய பூஜ்யம். அது நிரபராதி. அடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து வண்டியின் உடம்புக்கு வைத்தான். மீட்டர் நான்கு என்றது.

“பிடிச்சாச்சு. திரும்பி வர்ற வழியிலதான் கொள்ள போகுது,” என்றாள் கலையரசி. “ஆனா ஒண்ணு இடிக்குது அண்ணே. கோளாறு இங்கன்னா, பேட்டரி மாத்துனா மட்டும் ஏன் பத்து நாள் ஓடுது?”

அறிவரசன் பேட்டரியிலிருந்து கிளம்பும் கறுப்பு வயரைப் பிடித்து லேசாக ஆட்டினான். மங்கிக் கிடந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது. விட்டான், மெல்ல மங்கியது. பேட்டரி மாற்றுகிறவன் இந்த வயரை எப்படியும் இழுப்பான். இழுத்தால் மறுமுனையில் அது சற்றே உராய்ந்து பிடித்துக்கொள்ளும். பத்து நாள் குலுங்கிய பிறகு மறுபடி கைவிட்டுவிடும். புதுப் பேட்டரிக்கு இதில் ஒரு புண்ணியமும் இல்லை.

அந்த மறுமுனை, கட்டிலின் மூலையில் வண்டியின் இரும்போடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. எர்த் போல்ட். ஸ்பேனரைப் போட்டுக் கழற்றி, வயரின் வளையத்தைத் தூக்கினான்.

அடியில் வெறும் இரும்பு பளபளக்க வேண்டிய இடத்தில் துரு ஏறிக் கிடந்தது. துருவுக்கு மேலே காய்ந்த மஞ்சள் பூச்சு. அதன் நடுவில் மங்கலான சிவப்பு.

“சந்தனம். குங்குமம்,” என்றாள் கலையரசி, தலையை நீட்டிப் பார்த்து. “இரும்புக்கும் வயருக்கும் நடுவுல பொட்டு வச்சு முடுக்கியிருக்காங்க. ஈரத்த இழுத்து இழுத்து அடியில துரு பிடிச்சிருக்கு. யாருங்க இந்தப் பக்திமான்?”

நான்சி திகைத்தாள். தாங்கள் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை என்றாள். வண்டியை வாங்கிய புதிதில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் சாமியாரிடம் தீர்த்தம் தெளிக்கச் சொன்னதோடு சரி. அந்த போல்ட்டில் கை வைத்தவரும் அறிவரசனைத் தவிர வேறு யாரும் இல்லை. இளையபெருமாள்கூட உள்பக்கம் வரமாட்டார் என்றாள். பேட்டரியை மாற்றிவிட்டார்கள் என்று அறிவரசன் சொன்னதற்கு முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல். வண்டியைக் கழுவ அவர் மகன்தான் வந்துபோனான் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

அறிவரசனின் காதில் அது பாதிதான் விழுந்தது. அவன் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சாதாரணமாக யாரும் மோதிர விரலால்தான் பொட்டு வைப்பார்கள். இது கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. அவனுடைய வலது மோதிர விரலில் பாதியை எப்போதோ ஒரு லாரியின் பேன் பெல்ட் தின்றுவிட்டது. பொட்டு வைப்பதென்றால் அவனுக்குக் கட்டைவிரல்தான்.

போன ஆயுத பூஜை அன்று இந்த வேன் அவன் கடையில் அரைகுறை வயரிங்கோடு நின்றது. வைஸ், சார்ஜர், சுத்தியல், மீட்டர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், அந்த உற்சாகத்தில் வேனுக்குள்ளும் ஏறினான். பேட்டரியின் முன்பக்கம் சந்தனத்தை அப்பினான். அதனால்தான் அன்றைக்குப் பெயரைப் பின்பக்கம் எழுத நேர்ந்தது. சுத்தமாகத் தேய்த்து வைத்திருந்த எர்த் போல்ட் இடத்திலும் ஒரு பொட்டு. மத்தியானம் சாப்பிட்டு வந்து, அந்தப் பொட்டின் மேலேயே வயரை வைத்து முடுக்கிவிட்டான். கடையில் வேறு யாரையும் பொட்டு வைக்க அவன் விடுவதில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமை.

அவன் கை தானாகவே இடுப்பிலிருந்த எண்ணெய்த் துணியை எடுத்தது. ஒரு தேய் தேய்த்தால் போதும். துருப்பிடித்திருந்தது என்று சொல்லிவிடலாம். ஈரம், தூசி, சாலை. எதன் மேல் வேண்டுமானாலும் பழியைப் போடலாம்.

கலையரசி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் வாய்க்கு வேலை வைக்காமல் கையால் பேசியது அதுதான் முதல் தடவை.

அறிவரசனுக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. துணியைக் கீழே போட்டான். நான்சியின் பக்கம் திரும்பி, இந்தப் பொட்டு தன்னுடையது என்று சொன்னான். வேனில் திருட்டே நடக்கவில்லை என்றும், கூழ் வண்டியில் இருப்பது அதே பேட்டரி என்றும், முதல் நாளிலிருந்தே தப்பு தன் கையில்தான் என்றும் ஒன்று விடாமல் சொன்னான்.

நான்சி அப்படியே வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள். “அவரு எங்க வூட்டு வாசப்படி ஏறியே மூணு மாசத்துக்கு மேல ஆச்சுண்ணா. வழியில பாத்தாக்கூட நாங்க மூஞ்சத் திருப்பிக்கிட்டோம்,” என்றாள்.

அவன் இரும்பைப் பளபளவென்று தேய்த்து வயரை முடுக்கினான். பிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மீட்டர் பன்னிரண்டு சொச்சம் காட்டியது. வழக்கமாக இந்த இடத்தில் மீசையைத் தடவிக்கொள்வான். இன்றைக்கு மீட்டரை மூடிப் பையில் போட்டுவிட்டு, இளையபெருமாள் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டான். ஆலத்தியூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி என்றாள் நான்சி.

ஆலத்தியூரில் சிமெண்ட் லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரியின் உச்சியில் தலைக்குத் துண்டு கட்டி, புருவமெல்லாம் வெளுத்துப்போய், கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார் இளையபெருமாள். இருபத்தைந்து வருடம் ஸ்டீயரிங் பிடித்த கை.

“ஓரமா கூட்டிட்டுப் போயி சொல்லிடலாமா?” என்று அறிவரசன் மெல்லக் கேட்டான்.

“அன்னைக்கு ஓரமாவா சொன்னீங்க?” என்றாள் கலையரசி.

அவன் லாரி டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு நடுவில் போய் நின்றான். மேலே பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். “இளையபெருமாளண்ணே, நீங்க பேட்டரிய எடுக்கல. அந்த வேன்ல திருட்டே போகல. வயரிங்ல தப்பு பண்ணது நான். உங்கமேல பழி போட்டதும் நான். எல்லார் முன்னாடியும் சொல்றேன், என்ன மன்னிச்சிருங்க.”

டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. இளையபெருமாள் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, அவசரமில்லாமல் கீழே இறங்கினார். திட்டுவார், இரண்டு அறை அறைவார் என்று அறிவரசன் எதிர்பார்த்தான். அறைந்தால் தேவலை என்றே நினைத்தான்.

“அப்ப யாருமே எடுக்கலியா சார்?” என்றார் அவர்.

“யாரும் எடுக்கலண்ணே.”

“நல்லா பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன்.”

“அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க.”

தன்னைவிட எட்டு வயது மூத்தவர் இன்னமும் சார் என்று கூப்பிடுவதே அவனைக் கூசவைத்தது. பழி நீங்கிய சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை. மாறாக, ஏதோ பெரிதாகத் தொலைத்துவிட்டதை இப்போதுதான் உணர்ந்தவர் போல அவர் முகம் கோணியது. அப்போதுதான் நான்சி பேச்சோடு பேச்சாகச் சொன்னது அறிவரசனுக்கு உறைத்தது.

“அந்த வாரம் சாவி உங்க மகன்கிட்ட இருந்துச்சா அண்ணே?”

இளையபெருமாள் தலையாட்டினார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். சிமெண்ட் இன்னும் அப்பிக்கொண்டது.

“பிரேமு. எனக்குக் காய்ச்சல்னு அவன்தான் வண்டியக் கழுவப் போனான். பேட்டரிய மாத்திட்டாங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அப்ப மிச்சம் யாரு சார்? வேலைக்குப் போற வயசுல புள்ளமேல கேசு வந்துரக் கூடாதேன்னு நான்தான்னு சொல்லிட்டேன். வூட்டுக்குப் போயி அவனக் கேட்டேன். இல்லப்பான்னான். இருபத்திமூணு வயசுப் புள்ளய நடுத்தெருவுல செருப்பால அடிச்சேன். அப்பவும் இல்லன்னுதான் சொன்னான். மறுநாளே திருப்பூருக்குப் போயிட்டான். அவுங்கம்மாகிட்ட மட்டும் பேசுறான்.”

அவர் நிமிர்ந்து அறிவரசனைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

“அவன் இல்லன்னான். நீங்க ஆமான்னீங்க. நான் உங்கள நம்புனேன் சார்.”

பெயர்ப் பலகை, வாட்ஸப் குழு, இன்சூரன்ஸ்காரர்கள் என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்ட அத்தனையும் அந்த நேரத்தில் அவன் முகத்தில் காறித் துப்பியது போல இருந்தது. ஒரு அப்பன் தன் பிள்ளையை நம்பாமல் போகிற அளவுக்கு இவன் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருந்திருக்கிறது. அந்த மதிப்பை வைத்துக்கொண்டு இவன் ஒரு கட்டில் பலகைக்கு அடியில் ஒழுங்காக மீட்டர்கூட வைக்கவில்லை. கலையரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இளையபெருமாள் போனை எடுத்தார். மகன் பெயர் வரைக்கும் விரல் போயிற்று, அங்கேயே நின்றது. போனை அறிவரசனிடம் நீட்டினார். “நீங்க சொல்லுங்க. ஆனா சொல்லிட்டுப் போயிறாதீங்க. பக்கத்துலயே நில்லுங்க.”

நான்காவது மணியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள். தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது. அறிவரசன் தான் யாரென்று சொன்னான். பொட்டையும் துருவையும் கூழ் வண்டியையும் சொன்னான். உன் அப்பாவும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது தம்பி என்றான். வாழ்நாளில் எந்தக் கோளாறையும் அவன் இவ்வளவு தடுமாறி விளக்கியதில்லை.

மிஷின் சத்தம் விலகியது. பையன் வெளியே வந்துவிட்டான் போலிருந்தது.

“இத எங்கப்பா சொல்லச் சொன்னாரா?” என்றான் பிரேம். “இல்ல, அவரே நம்புறாரா?”

அறிவரசனுக்கு ஆமாம் என்று சொல்லிவிட வாய் வந்தது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று. “அத நான் சொல்லக் கூடாது தம்பி, அவருகிட்டயே கேளு,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

இளையபெருமாள் லாரி டயர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“பிரேமு,” என்றார். “இந்த சாரு வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுடா. நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்.”

மறுமுனையில் பதில் இல்லை. ஆனால் பிரேம் போனை வைக்கவும் இல்லை. இளையபெருமாள் அதைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தார். அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தாலும், அறிவரசன் அவர் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றான்.